காணாமல் கொடுத்த ஷீல்டு

அன்புள்ள அம்மா,

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஓவியம், புகைப்படம், குறும்படம் என்று ஒரு குழு நடத்துகிறோம். போன மாதம் ஓட்டல் ஹால் ஒன்றில் கலைஞர்களுக்காக ஒரு மாலை நடத்தினோம். பாராட்டுக் கூட்டம் மாதிரி இருக்கக் கூடாது, பார்ட்டி மாதிரி இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. வண்ண விளக்கு, டிஜே, பஃபே சாப்பாடு எல்லாம் உண்டு. உணவு மேசைகளுக்குப் பின்னால் ஓவியங்களை மாட்டியிருந்தோம். ஓவியர்கள், புகைப்படக்காரர்கள், நாடகக்காரர்கள், கலை அமைப்புகளை நடத்துகிறவர்கள் என்று 22 பேரைக் கௌரவித்தோம். அதில் பென்னாகரம் பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் ஒருவரும் உண்டு. வேஷத்தோடு வாசலில் நின்று விருந்தினர்களை வரவேற்றார், மேடையில் ஐந்து நிமிடம் ஆடினார். பொன்னாடையும் ஷீல்டும் கொடுத்தோம். சாப்பிடாமலே போய்விட்டார். ஷீல்டு நாற்காலி மேலேயே இருந்தது. போன் செய்தால் "பரவால்லைங்க சார்" என்கிறார்.

அடுத்த வருடம் இதைத் தர்மபுரியில் பெரிதாக நடத்த எண்ணம். இது சமகாலக் கலைஞர்களுக்கான விழா, நாட்டுப்புறக் கலைஞர்களைக் கலக்க வேண்டாம் என்கிறார்கள் சில நண்பர்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் தர்மபுரியில் போய் நடத்துவதா என்றும் ஒரு பேச்சு. அமைப்பாளர்களுக்கும் மரியாதை செய்வது சரிதானா? கலைக்குப் பார்ட்டி என்பதே தப்பா? உங்கள் கருத்து வேண்டும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் வீட்டு ஷீல்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுப் பார்த்துத் தோற்றிருந்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி எடுக்கறதில்லம்மா, இந்த அட்டை மரமும் எடுக்கறதில்ல, மேல இருக்கற பித்தளையும் பித்தளை இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினோரு ஷீல்டு. ஒன்று மாடிக் கதவு அடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் என் பெயரே இல்லை. ஒரு விழாவில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நானும் பார்க்கவில்லை, கொடுத்தவரும் பார்க்கவில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பிரித்தபோதுதான் தெரிந்தது, நான் சிறந்த பரதநாட்டிய ஆசிரியை என்று. என் முட்டிக்குத் தெரிந்தால் சிரிக்கும்.

ஆகவே, ஷீல்டை நாற்காலியில் விட்டுவிட்டுப் போனவர் மேல் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

உங்கள் சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கிருஷ்ணகிரியா தர்மபுரியா என்ற பேச்சுக்குப் பதிலே தேவையில்லை. 2004 வரை இரண்டும் ஒரே மாவட்டம், 1965 வரை இரண்டுமே சேலத்தோடு இருந்தவை. அமைப்பாளர்களுக்கு மரியாதை செய்யலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஹாலுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு ராத்திரி தூங்காமல் கிடப்பவர்கள் அவர்கள்தான். டிஜே பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பார்ட்டி தப்பா? நீங்கள் போகப்போவது தகடூருக்கு, தர்மபுரியின் பழைய பெயர் அது. அந்த ஊரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி செத்துப்போனபோது ஔவை பாடிய பாட்டு புறநானூற்றில் 235ஆவதாக இருக்கிறது. "சிறிய கள் பெறினே எமக்கு ஈயும் மன்னே" என்று தொடங்கும். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாடப்பாட மிச்சத்தைத் தான் குடித்து மகிழ்வான். எலும்பும் கறியும் கிடைக்கிற இடமெல்லாம் எங்களுக்கு, வேலும் அம்பும் பாய்கிற இடமெல்லாம் அவனுக்கு. செத்தவனின் வீரத்துக்கு முன்னால் சாப்பாட்டைச் சொல்லி அழுகிறாள் ஔவை. சாப்பாடு போடுங்கள், பாட்டு வையுங்கள். (கள்ளைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.)

சரி, வாத்தியாருக்கு வருவோம். அவர் ஏன் சாப்பிடவில்லை என்று எட்டுப் பேர் உட்கார்ந்து யோசித்திருப்பீர்கள், கோபமா, அவமானமா, கொள்கையா என்று. கூத்துக்கு முகம் எழுதி, புஜக்கட்டை மார்க்கட்டை கட்டி, கிரீடம் வைத்து எழுந்திருக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். கலைக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டும், பழைய துணி வேண்டும், தண்ணீர் வேண்டும், யாரும் பார்க்காமல் உட்கார ஒரு மூலை வேண்டும். இதில் எதையாவது கொடுத்தீர்களா? அரிதாரத்தோடு டீ குடிக்கலாம், பஃபே தட்டைத் தூக்கிக்கொண்டு கோட்டுப் போட்டவர்கள் நடுவில் நிற்க முடியாது. அப்புறம் ஓசூரிலிருந்து பென்னாகரம் போகத் தர்மபுரியில் பஸ் மாற வேண்டும். ஒரு கையில் ஆடை மூட்டை, ஒரு கையில் கிரீடப் பெட்டி. அந்தக் கண்ணாடி ஷீல்டை எந்தக் கையில் பிடிப்பார்? பொன்னாடையை மட்டும் ஏன் கொண்டுபோனார் என்று யோசித்தீர்களா? வாத்தியார் ஒருவர் வீட்டில் பார்த்திருக்கிறேன், ஆர்மோனியத்தின் மேல் மூன்று பொன்னாடை போர்த்தியிருந்தது. தூசிக்கு நல்லதாம்.

இதற்கு மேல் உங்களைத் திட்டாமல் இருக்க முடியவில்லை. வேஷம் கட்டிய ஆளை வாசலில் நிறுத்தி வருகிறவர்களுக்குக் கும்பிடு போட வைத்தீர்களே தம்பி, அந்த 22 பேரில் ஒரு ஓவியரையாவது தூரிகையோடு வாசலில் நிற்கச் சொல்லியிருப்பீர்களா? அவரும் கௌரவிக்கப்படுகிறவர்தானே? கடிதத்தில் நீங்களே ஒரு வித்தியாசமும் இல்லாமல் எழுதிவிட்டுப் போகிறீர்கள், "வரவேற்றார்" என்று.

சமகாலம் என்கிறார்கள் உங்கள் நண்பர்கள். போன வாரம் ஏதோ ஒரு ஊரில் விடியவிடிய ஆடியிருப்பார் அந்த மனிதர். நேற்று ஆடியவர் சமகாலம் இல்லை, நாலு வருடத்துக்கு முன்னால் வரைந்த படத்தை இன்னும் கழற்றாமல் மாட்டி வைத்திருப்பவர் சமகாலமா? இந்த வார்த்தையை விடுங்கள், அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருந்தது. பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. அன்றைக்குக் கர்ணமோட்சம், கர்ணன் போரில் சாகிற கதை. எங்கள் ஆயா சீக்கிரமே போய்ப் பாய் போட்டு முன்வரிசையில் இடம் பிடித்துவிடும். கையில் ஒரு துணி மூட்டை நிலக்கடலை. ஆயா யாருக்கும் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. முந்தானை முடிச்சை அவிழ்க்கவே அரை மணி நேரம் பிடிக்கும், அதுவும் உப்பு வாங்க.

கூத்தில் அன்பளிப்பு கொடுப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடுகிறவர் சட்டையில் நோட்டை ஊக்கால் குத்துவார்கள். உடனே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் இவ்வளவு ரூபாய் அன்பளிப்பு என்று பாடிச் சொல்வான். அன்றைக்கும் கர்ணன் திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகி, உள்ளே வந்த உடனேயே நாலைந்து பெரிய கைகள் எழுந்து போய்ப் பத்து ரூபாயாகக் குத்திவிட்டு வந்தன. ஆயா அசையவில்லை. கடலை உரித்துக்கொண்டிருந்தது.

விடியக் கொஞ்சம் முன்னால் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். பிறப்புத் தெரியாதவன் என்று இத்தனை காலம் அவனை முகம் கொடுத்துப் பார்க்காதவள், இப்போதுதான் விஷயம் தெரிந்து போகாதே என்கிறாள். பெண் வேஷம் கட்டியவர் ஒல்லியான ஆள், கழுத்து நரம்பு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தெரியும். ஒரு வரியை மூன்று தடவை பாடினார். மூன்றாவது தடவை பின்பாட்டு நின்றது, மிருதங்கம் நின்றது, அவர் குரல் மட்டும் மெலிந்துகொண்டே போய் எங்கோ அறுந்தது. அப்போதுதான் ஆயா எழுந்தது. அரைத்தூக்கத்தில் இருந்த என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. முடிச்சை முன்னாலேயே அவிழ்த்து வைத்திருந்திருக்கிறது, உள்ளங்கையில் இரண்டு ரூபாய் நோட்டு தயாராக இருந்தது. போய்க் குத்திவிட்டு வந்தது. கட்டியங்காரன் பெயர் கேட்டான். "பேரெல்லாம் ஒண்ணும் வேணாம் போடா, நீ ஆட்டத்தக் கெடுக்காத" என்றது.

மறுநாள் காலை கூத்துச் செட்டுக்காரர்கள் வீட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் அந்தப் பொன்னுருவி. காது மடலில் இன்னும் அரிதாரம் ஒட்டியிருந்தது. ஆயா களியை உருட்டி வைத்துக் கீரைக் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டது, "போன வருசம் அந்த எடத்துல நாலு தரம் பாடின, இந்த வருசம் மூணோட விட்டுட்ட?" அவர் களியைப் பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தார். "தொண்ட கட்டிக்கிச்சுங்க ஆத்தா. நாலாவதுக்கு மூச்சு வரல." ஆயா உள்ளே போய் மிளகும் பனங்கல்கண்டும் எடுத்து வந்து கொடுத்தது. அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு அந்த இரண்டு ரூபாயை விட இந்தக் கேள்விதான் நினைவில் இருக்கிறது. போன வருடம் எத்தனை தரம் பாடினார் என்பதை ஒரு வருடம் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது மறுபடியும் தகடூர். உங்கள் விழா அழைப்பிதழில் எப்படியும் நெல்லிக்கனிப் படம் போடுவீர்கள், அதைப் போடாமல் நம் பக்கம் எந்த விழாவும் நடந்ததில்லை. அந்த நெல்லிக்கனிக்காரனே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டான். பெருஞ்சித்திரனார் என்ற புலவர் குன்றும் மலையும் தாண்டி வருகிறார். அதியமான் என்ன வேலையாக இருந்தானோ, பார்க்காமலே "இதைக் கொண்டுபோகச் சொல்" என்று பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்கவில்லை. "காணாது ஈத்த இப்பொருட்கு யான் ஓர் வாணிகப் பரிசிலன் அல்லேன்." என்னைப் பார்க்காமல் தந்த இந்தப் பொருளை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை, தினையளவே ஆனாலும் என் தகுதி தெரிந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்கிறார். புறநானூறு 208. அவருக்கு வீட்டில் பட்டினி என்பது அவருடைய மற்றப் பாட்டுகளைப் படித்தால் தெரியும். அந்தப் பட்டினியோடுதான் வேண்டாம் என்கிறார்.

உங்கள் வாத்தியார் இப்படி நினைத்து ஷீல்டை விட்டுப் போனார் என்று நான் சொல்லவில்லை, அவருக்குப் பஸ் அவசரம். ஆனால் நீங்கள் எட்டுப் பேரும் அவர் ஒரு ராத்திரி முழுக்க ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? எந்த வேஷம் அவர் வேஷம்? துரியோதனனா, கர்ணனா, கட்டியங்காரனா? எந்த இடத்தில் ஊர் அழும்? கடிதத்தில் ஒரு வரி இல்லை. நீங்கள் கொடுத்த ஐந்து நிமிடத்தில் திரைக்குப் பின்னால் நின்று பாடும் பாட்டின் முதல் அடிகூட முடியாது.

கூத்துக்காரரை விடுங்கள். உங்கள் ஓவியர்களுக்கே என்ன செய்தீர்கள்? படங்களைச் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறீர்கள். ஆவி அடிக்கும், எண்ணெய் தெறிக்கும், பனீரைத் தேடுகிறவன் தலைக்கு மேலே படம் தொங்கும். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்துக்குப் போன ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்று அந்த நிலத்தை வாங்கினார்கள், கையில் சாயக்கறையோடு. அவர்கள் வழியில் வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, பெயரை மைக்கில் தப்பாகப் படித்து, போட்டோவுக்கு இரண்டு நொடி நிறுத்தி, அடுத்தவர் வாங்க என்றால் அதற்குப் பெயர் கௌரவமா? ஒரு படத்துக்கு முன்னால் நின்று, இந்த நீலத்தை ஏன் இப்படி அழுத்தினீர்கள் என்று யாராவது ஒரு ஆள் கேட்டாரா? கேட்டிருந்தால் அந்த ஓவியர் ஷீல்டே வேண்டாம் என்று விடியும்வரை உங்களோடு பேசிக்கொண்டிருந்திருப்பார்.

அரசாங்கமும் மாவட்டக் கலை மன்றம் வழியாக விருது கொடுக்கிறது. கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி. பிரித்திருப்பது வயதை வைத்து. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அரசாங்கம் எல்லாரையும் உட்கார்ந்து பார்க்க முடியாது, அதற்குப் பிறந்த தேதி போதும். நீங்கள் எட்டுப் பேர். உங்களுக்குக் கண் இருக்கிறது, பைக் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

22 பேர் வேண்டாம். நாலு பேர் போதும், அவர்களில் ஒவ்வொருவரையும் வருடம் முழுக்கப் போய்ப் பாருங்கள். மற்றபடி டிஜே, விளக்கு, நிப்பட்டு, பிரியாணி எல்லாம் இருக்கட்டும்.

வாத்தியாரின் நம்பர் உங்களிடம் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் எந்த ஊரில் ஆடுகிறார் என்று கேளுங்கள். விழா பற்றிப் பேசாதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள், மனிதர் கூச்சப்படுவார். தேதி தெரிந்ததும் எனக்கும் சொல்லுங்கள், பாலக்கோட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போங்கள். எனக்கு இப்போதெல்லாம் பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிடுங்கள். கடலை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா