மின்பொறியியலா, கணினி அறிவியலா? கேள்வி பதில்

கேள்வி: நிரல் எழுதவும் பிடிக்கும், மின்சுற்றுகளும் பிடிக்கும். முதலாண்டு முடியப்போகிறது. எந்தப் பாடங்களை எடுப்பது?

பதில்: தனியாகப் படிக்கக் கடினமானது எதுவோ, அதைக் கல்லூரியில் எடுங்கள். பைத்தான் கற்க மடிக்கணினியும் ஒரு விடுமுறையும் போதும். சிக்னல்கள், மின்காந்தவியல், அனலாக் சுற்றுகள் அப்படியல்ல. ஆய்வகம் வேண்டும், போட்ட கணக்கைத் திருத்தித்தர ஆசிரியர் வேண்டும். அதே காரணத்துக்காக அல்காரிதம், இயங்குதளம் இரண்டையும் கல்லூரியிலேயே முடித்துவிடுங்கள். வேலைக்குப் போன பிறகு அவற்றுக்கு நேரம் கிடைப்பது அரிது.

கேள்வி: இரண்டிலும் கணிதம் ஒன்றுதானே?

பதில்: இல்லை. மின்பொறியியலில் வகைக்கெழுச் சமன்பாடுகள், கலப்பெண்கள், ஃபூரியே உருமாற்றம் (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் முறை). கணினி அறிவியலில் தர்க்கம், கணங்கள், நிரூபணங்கள். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் பொது. எந்த வகைக் கணக்கு தப்பாகப் போனாலும் மறுபடி போட்டுப்பார்க்க மனம் வருகிறது என்று கவனியுங்கள். மதிப்பெண்ணைவிட அதையே நான் நம்புவேன்.

கேள்வி: மென்பொருள் வேலைதான் என் இலக்கு. மின்பொறியியல் பாடங்கள் வீண்தானே?

பதில்: ஒரு நுண்கட்டுப்படுத்தியில் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்) பொத்தானை இணைக்கிறீர்கள். ஒருமுறை அழுத்தினால் திரையில் 1 வர வேண்டும், 4 வருகிறது. நிரலை வரிவரியாகப் படித்தாலும் தவறு அகப்படாது. மின்னழுத்தம் மாறுவதை வரைபடமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள்: பொத்தானுக்குள் இருக்கும் உலோக முனைகள் சில மில்லிவினாடிகள் துள்ளித் துள்ளித் தொடுகின்றன. ஒவ்வொரு துள்ளலையும் ஓர் அழுத்தமாக நிரல் எண்ணிவிடுகிறது. மின்தடையும் மின்தேக்கியும் வைத்து இதை அடக்கலாம்; அல்லது 20 மில்லிவினாடி பொறுத்து மீண்டும் பார்க்கும்படி நிரலை மாற்றலாம். எது பொருத்தம் என்று முடிவு செய்ய இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ரோபோ, மருத்துவக் கருவி, சிப் வடிவமைப்பு ஆகிய துறைகளில் இது அன்றாட வேலை. இணையச் செயலிகள் மட்டும்தான் என்று முடிவெடுத்திருந்தால் டிஜிட்டல் சுற்றுகளோடு நிறுத்திக்கொண்டு, தரவுத்தளத்துக்கும் வலையமைப்புக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: அந்த டிஜிட்டல் சுற்றுகள் உண்மையில் எந்தத் துறைப் பாடம்?

பதில்: இரண்டுக்கும் சொந்தம். மின்பொறியியல், கணிதம் இரண்டிலும் பட்டம் பெற்ற கிளாட் ஷானன், 1937இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுதிய முதுநிலை ஆய்வேட்டில், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுற்றுகளை, உண்மை/பொய் என்ற இரண்டே மதிப்புகள் கொண்ட பூலியன் இயற்கணிதத்தால் வடிவமைக்கலாம் என்று காட்டினார். டிஜிட்டல் சுற்று, கணினிக் கட்டமைப்பு, இயங்குதளம் என்ற வரிசையில் படித்தால் ஒன்று மற்றொன்றை விளக்கிக்கொண்டே போகும்.

கேள்வி: இப்போது ஒன்றில் சேர்ந்து, பிறகு மாறலாமா?

பதில்: மின்பொறியியலிலிருந்து மென்பொருளுக்கு வருவது பொதுவாக எளிது, எதிர்த்திசை கடினம். பல கல்லூரிகளில் சுற்றுகள் முடிக்காமல் சிக்னல்கள் எடுக்க முடியாது, சிக்னல்கள் இல்லாமல் தகவல்தொடர்பு எடுக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடத்தப்படும் பாடத்தைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும். எந்தப் பாடத்துக்கு முன் எதை முடித்திருக்க வேண்டும் என்ற பட்டியலைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.