பழைய பண்ணை மண்ணில் பூசணி போடலாமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. லிம் சூ காங் பழைய காய்கறிப் பண்ணை மண் என்று தெரிந்தவர் ஒருவர் 12 மூட்டை விற்றார். ‘20 வருஷமாக மருந்தே அடிக்கவில்லை, மழையில் எல்லாம் போயிருக்கும்’ என்கிறார். பேரப்பிள்ளைகளுக்குக் கீரையும் பூசணியும் போடலாமா?

பதில்: பூசணி வேண்டவே வேண்டாம். கீரைக்கும் கொஞ்சம் பொறுங்கள்.

மழையில் போகும் என்பது தவறு. டிடிடி, டைல்ட்ரின் போன்ற பழைய பூச்சிமருந்துகள் தண்ணீரில் கரைவதே அபூர்வம். மண்ணின் மக்கைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். டிடிடி பாதியாகக் குறையவே 2 முதல் 15 ஆண்டுகள் ஆகலாம். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் குறையும், உண்மைதான். ஆனால் அது சிதைந்து உண்டாகும் டிடிஇ இன்னும் பிடிவாதமானது. இப்போதைய மருந்துகளில் பல சில வாரங்களில் போய்விடும். பூஞ்சைக்கு அடித்த செம்பு போகவே போகாது.

பூசணிக்கு ஏன் இத்தனை அழுத்தம்? பெரும்பாலான செடிகளில் டிடிடி, டைல்ட்ரின் போன்ற நஞ்சு வேரைத் தாண்டி அதிகம் ஏறாது. பூசணி, சுக்கினி, வெள்ளரி அப்படியல்ல. வேர் இழுத்து, தண்டு வழியாகக் காய்வரை ஏற்றிவிடும். ஜப்பானில் 1970களில் கைவிட்ட டைல்ட்ரின், 2000களில் வெள்ளரிக்காயில் வரம்பை மீறி அகப்பட்டது. காய்க்குள்ளே இருப்பதைக் கழுவி எடுக்க முடியாது.

விற்றவர் கைப்பேசியில் ஒரு சோதனை அறிக்கை காட்டியிருப்பார். அதை நன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் அமிலத்தன்மை, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று நான்கு வரி இருக்கும். நஞ்சைப் பற்றி ஒரு வரியும் இராது. பூச்சிமருந்துப் பட்டியலே இருந்தாலும் டிடிடி, டிடிஇ, டைல்ட்ரின், குளோர்டேன் பெயர்கள் உள்ளனவா, ஈயமும் ஆர்செனிக்கும் தனியாகப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ‘ஏழே நாளில் நஞ்சு முறிக்கும்’ நுண்ணுயிர்க் கரைசல் என்று ஒரு பாட்டிலையும் நீட்டுவார்கள். ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

கடைக்கு வரும் காய்கறியை சிங்கப்பூர் உணவு அமைப்பு சோதிக்கிறது. வீட்டுக்கு வரும் மண்மூட்டையிலோ, எங்கே தோண்டியது என்ற ஒரு வரியைக்கூடக் காண முடிவதில்லை. இத்தனை ஒழுங்குள்ள ஊரில் இது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த மண்ணைச் செம்பருத்திக்கும் குரோட்டனுக்கும் போடுங்கள். கீரைக்கு ஒரு சாண் ஆழம் புது மண்கலவை போதும். பூசணி விதையையும் புதுக் கலவையிலேயே, பெரிய தொட்டியில் ஊன்றுங்கள்.