குன்று, மலை, பதினாறு அடி: திரைக் கேள்வி-பதில்

ஹாலிவுட் படம் பார்த்து எழுந்தால் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. சில பிரிட்டிஷ் படங்களோ மனசுக்கு இதமாக இருக்கின்றன. இரண்டும் இங்கிலீஷ்தானே, வித்தியாசம் எங்கே?
– வாசகி, பாலக்கோடு

தோல்வியை என்ன செய்கிறார்கள் என்பதில். 1996-ல் வந்த ‘பிராஸ்ட் ஆஃப்’ படத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பேண்டு வாத்தியக் குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பரிசு வாங்குகிறது. சுரங்கம் மூடினது மூடினதுதான். ‘பில்லி எலியட்’ (2000) பையன் பாலே பள்ளிக்குப் போய்விடுகிறான், அவன் அப்பா நின்ற வேலைநிறுத்தம் தோற்றுப்போகிறது. பெரிய நஷ்டத்தைக் கதை சரிக்கட்டுவதில்லை. அதற்குள் கைக்கு எட்டிய சின்ன ஜெயத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரிய பட்ஜெட் அமெரிக்கப் படம் பெரும்பாலும் நஷ்டத்தையே திருப்பிப்போடப் பார்க்கும், அதையும் ஒற்றை ஆள் செய்தாக வேண்டும். கடைசி அரைமணி நேரம் காது கிழிவது அதனால்தான்.

‘தி ஃபுல் மான்ட்டி’யில் (1997) ஒரு காட்சி. ஷெஃபீல்டில் எஃகு ஆலை மூடி வேலை போனவர்கள், மேடையில் ஆடை களைந்து ஆடிக் காசு பார்க்கலாம் என்று ரகசியமாக ஒத்திகை பார்த்து வருகிறார்கள். ஒருநாள் உதவித்தொகை வாங்க வரிசையில் நிற்கும்போது ரேடியோவில் அவர்கள் ஒத்திகைப் பாட்டு. ஒருவருக்குத் தோள் லேசாக அசைகிறது, இன்னொருவருக்கு இடுப்பு. முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை, பார்வை முன்னால் நிற்பவர் முதுகில். வசனமே கிடையாது. இந்தப் படத்தின் செலவு சுமார் 35 லட்சம் டாலர், வசூல் 25 கோடி டாலருக்கு மேல். அதே ஆண்டு ‘டைட்டானிக்’ 20 கோடி டாலரில் எடுக்கப்பட்டது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அப்படியானால் அமெரிக்காவில் இதமான படமே இல்லையா?
– வாசகர், ஓசூர்

உண்டு. ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946) கடைசியில் ஊரே காசு கொண்டுவந்து கொட்டுகிறது. ‘ராக்கி’ (1976) கடைசிச் சண்டையில் புள்ளிக் கணக்கில் தோற்கிறான். மேலே சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டிஷ் என்றாலே இதம் என்றும் நம்பிவிட வேண்டாம். ‘கெஸ்’ (1969) பார்த்தால் ராத்திரி தூக்கம் போகும்.

பத்து வயதுப் பையன், எழுபது தாண்டிய மாமனார். எல்லோரும் உட்கார்ந்து பார்க்க எதில் தொடங்கலாம்?
– வாசகி, கிருஷ்ணகிரி

முதல் பதிலில் சொன்ன மூன்று பிரிட்டிஷ் படங்களும் வேண்டாம். மூன்றுக்கும் அங்கே 15 வயதுச் சான்றிதழ். கதை மென்மைதான், வாய்தான் மோசம். ‘ஃபீல்-குட்’ என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பிக் குழந்தையோடு உட்கார்ந்து நெளிகிறவர்கள் நிறைய. அட்டையில் ‘யூ’ (எல்லோரும் பார்க்கலாம்) அல்லது ‘பிஜி’ (பெரியவர் துணையோடு குழந்தைகளும் பார்க்கலாம்) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் ஊருக்கென்றே ஒரு படம் இருக்கிறது: ‘தி இங்கிலீஷ்மேன் ஹூ வென்ட் அப் எ ஹில் பட் கேம் டவுன் எ மவுன்டன்’ (1995). 1917, வேல்ஸ் நாட்டுக் கிராமம். நில அளவைக்காரர்கள் இருவர் வந்து ஊர் மலையை அளக்கிறார்கள். 1000 அடி இருந்தால்தான் வரைபடத்தில் மலை, இல்லாவிட்டால் குன்று. அளந்தால் 984 அடி. பதினாறு அடிக்காக ஊர்ச் சனம் வாளி வாளியாக மண் சுமந்து உச்சியில் கொட்டுகிறது. தீர்த்தமலை, வத்தல்மலை என்று பேரிலேயே மலையை வைத்திருக்கிற பக்கம் நம்முடையது. ‘கிரி’ என்றாலும் மலைதானே! இந்த மானப் பிரச்சினையை மாமனாருக்கு விளக்கவே வேண்டியிருக்காது. முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி தெரியும். யார் யார் என்று அறிமுகம் நடக்கிற நேரம் அது, அப்போது கைப்பேசியை எடுத்தால் பின்பாதிச் சிரிப்பு போச்சு.

பையனுக்கு ‘பாடிங்டன் 2’ (2017). மாமனார் கறுப்பு-வெள்ளைக்குச் சம்மதித்தால் ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’ (1949). தங்கள் தெரு சட்டப்படி வேறு நாடு என்று தெரிந்ததும் லண்டன்காரர்கள் ரேஷன் புத்தகத்தைக் கிழித்துப் போடுகிறார்கள். ரேஷன் வரிசையில் நின்றவர்களுக்கு அது தனி சுகம்.

பேச்சு பாதி புரிவதில்லை. பழைய டிவிடியைக் கணினியில் ஏற்றி, சப்டைட்டில் கோப்பைத் தனியாகச் சேர்த்தேன். ஆரம்பத்தில் சரியாக இருந்தது, போகப் போகப் பிந்துகிறது.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பிரிட்டிஷ் டிவிடி நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) ஓடும். படம் எடுத்தது 24-ல். அதனால் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது. உங்கள் கோப்பு 24-க்கு, துல்லியமாகச் சொன்னால் 23.976-க்கு, தயாரானது. ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டரை நிமிடம் பிந்திவிடும். கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ட்ராக் சின்க்ரனைசேஷன்’ திறந்து, சப்டைட்டில் வேகம் 1.000 என்று இருப்பதை 1.043 ஆக்குங்கள். எழுத்து முந்திக்கொண்டு ஓடினால் 0.959. முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு பிந்தினால் அது வேறு கோளாறு: ‘ஜி’ விசையைத் தட்டுங்கள், ஒரு தட்டுக்கு 50 மில்லி நொடி முன்னால் வரும். ‘எச்’ தட்டினால் பின்னால் போகும்.

எழுத்து சரியானாலும் சில சொற்கள் ஏமாற்றும். வடக்கு இங்கிலாந்தில் ‘டின்னர்’ என்றால் மத்தியானச் சாப்பாடு, ‘டீ’ என்றால் சாயங்காலச் சாப்பாடு. ‘டா’ என்றால் நன்றி, நம் ‘டா’ இல்லை. கடைக்கார அம்மா முன்பின் தெரியாதவரை ‘லவ்’ என்று கூப்பிட்டால் காதல் கதை தொடங்கிவிட்டது என்று நிமிர்ந்து உட்காராதீர்கள், அது நம் ‘கண்ணு’. ‘நாட் பேட்’ என்பது கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டு நாம் சொல்கிற ‘பரவால்ல’.