மகள் எம்.பி. ஆகிறேன் என்கிறாள்: வேடசந்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் மில்லில் ஷிப்ட் முடிந்த கையோடு வந்து உட்கார்ந்தீர்கள். பாப்பா வெளியே பெஞ்சில் இருந்தாள். "டீச்சர் ஆகிறேன்னு சொன்னா கடன உடன வாங்கியாவது பி.எட். சேத்து விடுவேன் சார். எம்.பி. ஆகிறேங்கிறா. அதுக்கு எந்த காலேஜ்ல போயி சீட்டு வாங்குறது?" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள், ஆனால் குரல் சரியில்லை. அன்று அவசரத்தில் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும்.

அவள் காட்டும் உதாரணம் உங்கள் தொகுதி எம்.பி., காங்கிரஸின் ஜோதிமணிதான். வேடசந்தூர் திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைக்குக் கரூரோடு சேர்ந்தது. கட்சியை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். வேலைக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் யார் வந்தாலும் நான் பார்ப்பது பயோடேட்டாவைத்தான். ஜோதிமணியின் பயோடேட்டாவையும் அப்படியே பார்ப்போம்.

1975இல் கரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1996இல் தமிழ்நாட்டில் பத்து வருடம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று சட்டம் வந்த பிறகு நடந்த முதல் தேர்தல் அதுதான். அதில் க.பரமத்தி ஒன்றியக் கவுன்சிலர் ஆனார். பத்து வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தார். இளைஞர் காங்கிரஸில் பொறுப்புகள் வந்தன. 2011இல் கரூர் சட்டமன்றத் தொகுதியில் நின்று தோற்றார். 2014இல் கரூர் மக்களவைத் தொகுதியில் நின்று மறுபடியும் தோற்றார். 2019இல் அதே தொகுதியில், அப்போது மக்களவைத் துணை சபாநாயகராக இருந்த தம்பிதுரையை 4,20,546 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்து டெல்லிக்குப் போனார். 2024இல் மறுபடியும் ஜெயித்தார்.

பாப்பா இதில் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும்தான் என்னிடம் சொன்னாள். 1996க்கும் 2019க்கும் நடுவில் இருபத்து மூன்று வருடம் கிடக்கிறது. எனக்கு அந்த இருபத்து மூன்று வருடம்தான் முக்கியம். வீட்டில் உலை வைக்க வேண்டிய வருடங்கள் அவை.

இன்னொன்றையும் பாருங்கள். 2014இல் காங்கிரஸ் இங்கே கூட்டணி இல்லாமல் தனித்து நின்றது. அவருக்கு விழுந்த ஓட்டு முப்பதாயிரத்துச் சொச்சம். பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும்; மக்களவைக்கு அது 25,000 ரூபாய். அப்படித்தான் போனது. ஐந்து வருடம் கழித்து, தி.மு.க. கூட்டணியில், அதே ஆளுக்கு அதே தொகுதியில் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டு. இந்த ஐந்து வருடத்தில் அவருடைய திறமை இருபது மடங்கா கூடிவிட்டது? அவர் உழைத்திருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே நடந்த தொகுதிப் பங்கீடு அவர் கையில் இல்லை. வேறு எந்த வேலைக்கு ஆலோசனை சொன்னாலும், "படி, பயிற்சி எடு, கிடைக்கும்" என்று தைரியமாகச் சொல்லிவிடுவேன். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

சம்பளம் கேட்டீர்கள். எம்.பி.க்கு இப்போது மாதம் 1,24,000 ரூபாய், படிகள் தனி. ஆனால் ஏறத் தொடங்கும் முதல் படியில் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். 2023இல்தான் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000, நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500 என்று மதிப்பூதியம் அறிவித்தார்கள். வார்டில் நாலு கல்யாணம், ரெண்டு காதுகுத்து, ஒரு சாவு வந்தால் மொய்க்கும் மாலைக்குமே அது பத்தாது. கவுன்சிலர் பதவியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் ஒன்று கையைச் சுட்டுக்கொள்கிறார்கள், இல்லையென்றால் காண்டிராக்டர் பக்கம் கையை நீட்டுகிறார்கள்.

போதாக்குறைக்கு, இந்த வேலைக்கு 'ஆள் எடுப்பு' சொன்ன தேதியில் நடக்காது. 2016இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் ஊரகத்துக்கு 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. நடுவில் எல்லாம், ஜெயித்தவர்களுக்குப் பதில் அரசு போட்ட தனி அலுவலர்கள்தான். நடந்தாலும், அவள் ஓடியாடி வேலை பார்த்த வார்டு ஒதுக்கீட்டில் மாறிப் போகலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அவளை ஏன் தடுக்க வேண்டாம் என்கிறேன்?

நீங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவளை உள்ளே கூப்பிட்டுப் பேசினேன். நாடாளுமன்றத்தில் என்ன பேசுவாய் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. பையிலிருந்து கல்லூரி நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைத் திருப்பினாள். உங்கள் ஊர்த் தெருக்கள் ஒவ்வொன்றிலும் எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எத்தனை நிமிடம் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். கிழக்குத் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருபது நிமிடம். டேங்க் ஆபரேட்டர் வால்வு பழுது என்கிறார், ஊராட்சிச் செயலர் மோட்டார் பழுது என்கிறார். அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேட்டிருக்கிறாள். "தீர்மானத்துல எழுதிக்கிறோம்மா" என்றார்களாம். இவள் உட்காராமல், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி இல்லை. வாசிக்க வைத்து, எழுத வைத்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

முப்பது வருடமாகக் குடியிருக்கும் என் தெருவுக்கு எந்த வால்வு என்று எனக்குத் தெரியாது அம்மா.

ஒன்றியக் கவுன்சிலர் வார்டு என்றால் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். கரூர் மக்களவைத் தொகுதி நாலு மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கிறது: கரூர், திண்டுக்கல், திருச்சியில் மணப்பாறை, புதுக்கோட்டையில் விராலிமலை. அளவுதான் வேறு. நிதி எந்தத் தலைப்பில் வருகிறது, எஸ்டிமேட்டை யார் போடுகிறார்கள், எந்த மேஜையில் கோப்பு தூங்குகிறது என்பதெல்லாம் ஒன்றிய அலுவலகத்தில் பழகினவருக்கு டெல்லியில் புதிதாகத் தெரியாது. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 5 கோடி. எம்.பி. வேலையைப் பரிந்துரைக்கலாம், செய்து முடிப்பது மாவட்ட நிர்வாகம். அங்கே கோப்பை விரட்டத் தெரிய வேண்டும்.

இனி நடைமுறை. டிகிரியை முடிக்கட்டும், இதில் பேச்சே இல்லை. உள்ளாட்சியில் நிற்க 21 வயது, சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25. அவளுக்கு இப்போது 19, அவசரப்பட ஒன்றுமில்லை. நீங்கள் குரூப் 4 எழுதச் சொல்கிறீர்கள். நல்ல வேலைதான், ஆனால் அரசு ஊழியர் கட்சியில் சேரவும் முடியாது, தேர்தலில் நிற்கவும் முடியாது. ராஜினாமா செய்துவிட்டுத்தான் வர வேண்டும். அதனால் அரசு வேலை, அரசியல் இரண்டையும் ஒரே பையில் போட்டு அவளிடம் பேசாதீர்கள். என் யோசனை, பி.ஏ. முடித்ததும் மூன்று வருட சட்டப் படிப்பு. அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் உங்களுக்குத் தாங்கும். வக்கீல் தொழிலில் யாருடைய லீவும் கேட்காமல் கிராம சபைக்குப் போகலாம், தோற்ற மறுநாள் கோர்ட்டுக்கும் போகலாம். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்துதான் அங்கே நகராட்சித் தலைவரானார். வருமானம் நிலைக்க ஐந்தாறு வருடம் ஆகும் என்பதையும் மறைக்கவில்லை.

கல்யாணப் பேச்சை எடுத்தீர்கள். பெண் தலைவராக இருக்க, வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளும் ஊர்களை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். வரன் பார்க்கும்போது மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பதற்கு முன்னால் இதை விசாரியுங்கள். உள்ளாட்சியில் இன்று பாதி இடம் பெண்களுக்கு. மக்களவையில் மூன்றில் ஒரு பங்கு தரும் திருத்தம் 2023இல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடப்புக்கு வரும் என்று சட்டமே சொல்கிறது. இவள் முப்பதைத் தாண்டும்போது கதவு இப்போதைவிட அகலமாக இருக்க வாய்ப்புண்டு. அதை மட்டும் நம்பிக் கடன் வாங்க வேண்டாம். முக்கியமாக, உங்கள் தோட்டை அடகு வைத்து எந்தத் தேர்தலிலும் அவள் நிற்கக் கூடாது. இதை அவளிடமே சொல்லிவிட்டேன், தலையாட்டினாள்.

அடுத்த தடவை அவளுடைய அப்பாவையும் கூட்டி வாருங்கள். ஞாயிறு காலை என்றால் அவருக்கும் தோதுப்படும். பாப்பாவை அந்த நோட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். கிழக்குத் தெருவில் பழுது வால்விலா, மோட்டாரிலா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.