கிணற்றுத் தண்ணீரைக் காட்டி உத்தரவாதத்தை மறுக்கலாமா?

கேள்வி: நான் கோப்பாயில் வசிக்கிறேன். கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய பணத்தில் யாழ்ப்பாண நகரிலுள்ள கடையொன்றில் சலவை இயந்திரம் வாங்கிப் பத்து வாரங்கள் ஆகின்றன. எங்கள் தண்ணீரில் கேத்திலிலேயே வெள்ளையாகக் கல் படியும், இதற்கு எந்த இயந்திரம் சரிவரும் என்று கேட்டுத்தான் வாங்கினேன். "கிணற்றுத் தண்ணீருக்குப் பிரச்சினை இல்லை அக்கா" என்று விற்பனையாளர் வட்ஸ்அப்பிலும் எழுதியிருந்தார். இப்போது தண்ணீர் சூடாவதில்லை. பார்க்க வந்தவர், "ஹீட்டரில் கல் படிந்துள்ளது, உத்தரவாதம் செல்லாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பெட்டிக்குள் இருந்த ஆங்கில அட்டையில் அப்படியொரு நிபந்தனை இருக்கிறதாம். இரண்டு வருட உத்தரவாதம் என்று சொல்லி விற்றவர்கள் இப்படிக் கைவிரிக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், முடியாது. ஆனால் சட்டம் பேசுவதற்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆவது பிரிவின்படி, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து. உங்களுக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களே மிஞ்சியிருக்கின்றன. "கொழும்புக்கு அறிவித்திருக்கிறோம், அடுத்த கிழமை வாருங்கள்" என்ற பேச்சை நம்பியே பலர் இந்தக் காலத்தைக் கோட்டை விடுகிறார்கள். கடைக்காரரோடு பேசுவதைத் தொடருங்கள். முறைப்பாட்டை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் அதிகாரசபையின் அலுவலகம் இருக்கிறது. 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விபரம் கேட்கலாம். முறைப்பாடு மட்டும் எழுத்தில்தான். விசாரணையின் பின் பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நட்டஈடு வழங்கவோ கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு.

இனி உங்கள் உரிமை. உத்தரவாத அட்டை சொல்வது மட்டும்தான் உரிமை என்று நினைத்துவிடாதீர்கள். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அட்டைக்கு அப்பால் நிற்கிறது. எந்தத் தேவைக்காக வாங்குகிறீர்கள் என்பதை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதன் 15 ஆவது பிரிவு தானாகவே ஒப்பந்தத்துக்குள் சேர்க்கிறது. இதிலே ஒரு விதிவிலக்கு உண்டு. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். வர்த்தகப் பெயரைச் சொல்லி இன்ன பொருள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவருக்கு இந்த நிபந்தனை உதவாது. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, "எது சரிவரும்" என்று கேட்டீர்கள். முறைப்பாட்டின் முதற்பந்தியிலேயே இது வரவேண்டும்.

அந்த வட்ஸ்அப் வரிதான் உங்கள் வழக்கின் உயிர். திரையைப் படமெடுத்து வைத்தது போதும் என்று விடாமல், அந்தக் கைத்தொலைபேசியையே பத்திரப்படுத்துங்கள், உரையாடலை அழிக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, இலத்திரனியல் வடிவில் இருப்பதாலேயே ஒரு செய்தியைச் சான்றல்ல என்று தள்ள முடியாது. விற்பதற்காகப் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதையும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30 ஆவது பிரிவு தடைசெய்கிறது.

பெட்டிக்குள் இருந்த அட்டைக்கு வருவோம். பணம் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து, பெட்டியை உடைத்த பிறகு கண்ணில் படும் நிபந்தனைக்கு நீங்கள் எப்போது சம்மதித்தீர்கள்? விற்கும்போது காட்டவில்லை என்றால் அதை உங்கள்மீது சுமத்துவது கடினம். நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைக் கட்டுப்படுத்த 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. மாறாக, அட்டையைக் கடையில் காட்டி விளக்கிக் கையொப்பமும் வாங்கியிருந்தால் உங்கள் நிலை பலவீனமாகும். அப்படி ஏதும் நடந்ததா என்று நன்றாக யோசித்துப் பாருங்கள்.

தண்ணீரைப் பரிசோதித்தால் நமக்கே பாதகமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கட்டாயம் பரிசோதியுங்கள். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கிறது. அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே மழைநீர் நிலத்தடிக்கு இறங்குகிறது. தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்த கல்சியம் மீண்டும் கல்லாகி ஹீட்டரில் ஒட்டிக்கொள்கிறது. சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் ஹீட்டர் தன் சூட்டிலேயே எரிந்துபோகும். குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614, மொத்தக் கடினத்தன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்கிறது. உங்கள் தண்ணீர் அதைத் தாண்டியிருந்தால், நீங்கள் கடையில் சொன்னது உண்மை என்பதற்கு அதுவே சான்று. கடினம் என்று தெரிவித்த பிறகும் "பிரச்சினை இல்லை" என்று விற்றவர், அதே கடினத்தைக் காட்டித் தப்ப இடமிராது. மாதிரியைக் கிணற்றில் அள்ளாமல், இயந்திரத்துக்குத் தண்ணீர் போகும் குழாயிலேயே பிடியுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

இன்னொன்று: பத்தே வாரத்தில் ஹீட்டர் எரியும் அளவுக்குக் கல் படிந்ததா, அல்லது அது ஆரம்பத்திலேயே பழுதா? அதைப் பார்வையிட்டவர் கடையின் ஆள். உத்தரவாதத்தில் விலக்கு உண்டு என்று சொல்பவரே அந்த விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். ஆகவே ஹீட்டரை வினாகிரி ஊற்றித் துப்புரவாக்கிவிடாதீர்கள். இருக்கிறபடியே படமெடுத்து, சுதந்திரமான ஒரு மின் திருத்துநரிடம் காட்டி, எழுத்தில் அபிப்பிராயம் பெறுங்கள்.

பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருந்தால், பணம் தம்பி அனுப்பியது என்பது எந்த விதத்திலும் தடையல்ல, வாங்கியவர் நீங்களே. கடைக்கு ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை முறைப்பாட்டோடு இணையுங்கள். மூன்று மாதம் கடந்துவிட்டாலும் மத்தியஸ்த சபையும் நீதிமன்றமும் இருக்கின்றன. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் வழக்குப் போட மூன்று வருடம் தருகிறது. ஆனால் அது நீண்ட பாதை. முதலில் அதிகாரசபையிடமே போங்கள்.

இதற்கிடையில் இயந்திரம் இல்லாமல் சமாளிக்க முடியவில்லை என்றால், பணம் கொடுத்துத் திருத்தலாம். "என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று அந்தப் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். கழற்றிய ஹீட்டரைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.