துரையைத் தேடுவதா, தோட்டத்தைத் தேடுவதா?

கேள்வி: பூட்டன் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் வேலை செய்தது. கோப்பிக் காலத்தில் காட்டை வெட்டி அந்தத் தோட்டத்தைப் போட்ட வெள்ளைத் துரையின் குடும்பத்தையும், அவருக்கு எவ்வளவு காணி இருந்தது என்பதையும் தேடிப் பார்க்க ஆசை. அவருடைய குடும்பப் பெயர் மட்டும்தான் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, கண்டி

பதில்: பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தோட்டத்தைப் பிடியுங்கள். ஒரே குடும்பப் பெயரோடு பல ஸ்காட்லாந்துக்காரர்கள் மலைநாட்டில் இருந்திருக்கிறார்கள், பெயரை மட்டும் வைத்துப் போனால் வேறு யாரோ ஒருவருடைய பரம்பரையில் போய் நிற்பீர்கள்.

முதலில் பெர்குசன் டைரக்டரி என்ற இலங்கைத் தோட்ட விவரப் புத்தகத்தின் பழைய பதிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிமையாளர் யார், நிர்வாகம் பார்த்த துரை யார், மொத்தம் எத்தனை ஏக்கர், அதில் பயிர் எத்தனை ஏக்கர் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் பூட்டன் பார்த்த பெரிய துரை சம்பளத்துக்கு இருந்தவராக இருக்கலாம், சொந்தக்காரர் லண்டனில் இருந்திருப்பார். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை போட்ட முன்னோடி ஜேம்ஸ் டெய்லரே அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் இல்லையே!

ஒரு பதிப்போடு நிறுத்தாதீர்கள். 1869இல் கோப்பி இலைநோய் வந்தது, 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி விழுந்தது, இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ துரைமார் கடனில் மூழ்கித் தோட்டத்தை விட்டுப் போனார்கள். அப்புறம் சின்னத் தோட்டங்களைச் சேர்த்துக் கம்பெனிகள் தேயிலை போட்டபோது, பழைய தோட்டத்தின் பெயர் பல இடங்களில் பெரிய தோட்டத்துக்குள் ஒரு டிவிஷனின் (பிரிவின்) பெயராக மட்டும் மிஞ்சியது. அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தோட்டத்தை, டிவிஷனை, பக்கத்து மலையை என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஆவணத்திலும் கிடைக்காத தகவல் அது, அவர்கள் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

காணி கைமாறியதைப் பார்க்கத் தோட்டம் இருக்கும் மாவட்டத்தின் காணிப் பதிவகத்துக்குப் போங்கள், பழைய உறுதிகளின் பதிவு அங்கேதான். முதலில் அது அரச காணியாக விற்கப்பட்டதா என்பதைக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடலாம். இலங்கை இந்தியாவோடு சேராத தனி முடியாட்சிக் குடியேற்றமாக இருந்ததால், அதைக் கவனித்த லண்டன் குடியேற்ற அலுவலகத்தின் கடிதங்கள் லண்டன் கியூவில் உள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கின்றன. இந்தியா அலுவலகக் கோப்புகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குடும்பத்துக்குக் கல்லறைதான் நல்ல தொடக்கம். சொந்த ஊர், வயது, சில சமயம் மனைவி பெயர்கூட அதில் வெட்டியிருக்கும். கல் உடைந்து போயிருந்தாலும் பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட கல்லறை வாசகத் தொகுப்பில் கிடைக்கலாம். தோட்டத்துப் பெண்களோடு வாழ்ந்து பிள்ளை பெற்ற துரைமாரும் உண்டு. தேவாலயத் திருமணப் பதிவை வைத்து அந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க முடியாது, உயிலில் ஒரு தொகை எழுதி வைத்திருந்தால் பெயர் வெளியே வரலாம். ஆகவே உயிலைக் கட்டாயம் தேடுங்கள். இங்கிலாந்துக்கு 1858 முதல் பொதுப் பட்டியல் இருக்கிறது, ஸ்காட்லாந்துக்குத் தனிப் பதிவு.