கருப்பு டக்ளஸின் குடும்பம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இறந்துபோன ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் இதயத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போய், 1330-இல் ஸ்பெயினின் தேபாவில் மூர்களோடு சண்டையிட்டு இறந்த 'கருப்பு டக்ளஸ்' என்ற ஜேம்ஸ் டக்ளஸைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதோடு நிறுத்திவிட்டீர்கள். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லையா? வம்சம் அறுந்துவிட்டதா?

– கே.

அன்புள்ள கே.,

இதயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மற்றதெல்லாம் மறந்துபோகிறது. என் கட்டுரைக்கும் அதுதான் ஆயிற்று.

ஜேம்ஸின் அப்பா வில்லியம், 1296-இல் பெரிக் கோட்டையை இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டிடம் இழந்து, பிறகு லண்டன் டவரில் கைதியாகச் செத்தவர். நிலமெல்லாம் பறிபோய், பையன் வெறுங்கையோடுதான் புரூஸிடம் வந்து சேர்ந்தான். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஜேம்ஸுக்கு இரண்டு மகன்கள். ஒருவன் வில்லியம், 1333-இல் ஹாலிடன் ஹில் போரில் இறந்தான். ஜேம்ஸின் மாற்றாந்தாய் மகனான தம்பி ஆர்ச்சிபால்டும் அதே களத்தில் போனார். மிஞ்சிய தம்பி ஹியூ, கிளாஸ்கோ பேராலயத்துப் பாதிரியார். 'மந்தன் ஹியூ' என்று பட்டப்பெயர். வாளெடுக்காதவனுக்கு இந்தக் குடும்பத்தில் வேறென்ன பெயர் கிடைக்கும்!

ஆனால் வம்சத்தைக் காப்பாற்றியது அந்த மந்தன்தான் என்பேன். 1342-இல் அவர் நிலங்களை அரசர் இரண்டாம் டேவிடிடம் ஒப்படைத்து, வாரிசு வரிசையோடு திரும்ப எழுதவைத்தார். முதலில், களத்தில் விழுந்த தம்பியின் மகன் வில்லியம். அவன் வழியில் ஆண் வாரிசு இல்லாவிட்டால், லிட்ஸ்டேல் வில்லியம் டக்ளஸ் என்ற உறவினர். அதற்கும் அப்புறம், ஜேம்ஸின் இன்னொரு மகன் ஆர்ச்சிபால்ட். இவன் முறைப்படி மணந்தவளுக்குப் பிறந்தவன் அல்ல. மூன்றாவது இடம்தானே, யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

1353-இல் முதல் ஆள் இரண்டாம் ஆளை எட்ரிக் காட்டில் கொன்றான். (நல்ல குடும்பம்!) பின்னாளில் அவனே முதல் டக்ளஸ் ஏர்ல் (பிரபுப் பட்டம்) ஆனான். அவன் மகன் 1388-இல் ஆட்டர்பர்ன் போரில் முறையான வாரிசில்லாமல் இறந்தான். தங்கை இசபெல்லாவின் கணவர் சொத்து கேட்டுச் சண்டைக்கு வந்தார். சரி, ஹியூ எழுதவைத்த ஆவணம் என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த ஆர்ச்சிபால்ட் மூன்றாம் ஏர்ல் ஆனார். ஆவணத்தில் சேராத நிலங்கள் மட்டும் இசபெல்லாவுக்குப் போயின.

இந்த ஆர்ச்சிபால்ட் 1356-இல் பிரான்சின் புவாட்டியே போரில் பிடிபட்டபோது, நண்பர் ஒருவர் "எஜமானின் கவசத்தைத் திருடிப் போட்டுக்கொண்டாயா!" என்று பூட்ஸாலேயே அடித்து, அவர் வெறும் வேலைக்காரன் என்று பிடித்தவர்களை நம்பவைத்துத் தப்பவைத்ததாக ஒரு பழங்கதை உண்டு. ஆர்ச்சிபால்ட் ஸ்காட்லாந்தின் டீ ஆற்றுத் தீவில் கட்டிய த்ரீவ் கோட்டைக்கு இன்றும் படகில்தான் போகவேண்டும்.